எருவின் கணக்கு: கல்லாவிச் செம்மண்ணில் ஒரு மதிப்பீடு

ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவியைச் சுற்றிப் பெரும்பாலும் செம்மண். கேழ்வரகும் நிலக்கடலையும் கொள்ளும் மழையை நம்பி விளைகின்றன. மாந்தோப்பும் தென்னையும் கிணற்றை நம்பி நிற்கின்றன. இப்படிப்பட்ட மண்ணுக்குக் கால்நடை எரு வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. எரு மட்டும் போதுமா, அதை இன்று நாம் கையாளும் முறை சரிதானா என்பவைதான் கேள்விகள். ‘இயற்கை உரம்’ என்ற பெயரே இவற்றுக்கு விடையாகிவிடாது. பயிருக்குத் தேவையான சத்தை எரு தருகிறதா, மண்ணையும் நீரையும் காற்றையும் கெடுக்காமல் தருகிறதா, ஒரு உழவர் குடும்பத்தால் ஆண்டுதோறும் தொடர முடிகிறதா என்ற மூன்று அளவுகோல்களால் அதை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சத்து. நன்றாக மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 விழுக்காடு, மணிச்சத்து 0.2, சாம்பல் சத்து 0.5. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெரும்பாலான பயிர்களுக்குச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன். அதில் 25 கிலோ தழைச்சத்தும் 10 கிலோ மணிச்சத்தும் 25 கிலோ சாம்பல் சத்தும் இருக்கும். ஆனால் முதல் பயிருக்குக் கிடைப்பது தழைச்சத்தில் 30 விழுக்காடு, மணிச்சத்தில் 60 முதல் 70 விழுக்காடு, சாம்பல் சத்தில் 70 விழுக்காடுதான். மானாவாரிக் கேழ்வரகுக்கு ஏக்கருக்கு 16 : 8 : 8 கிலோ பரிந்துரை. எரு தருவது சுமார் 7.5 : 6.5 : 17.5. சாம்பல் சத்து தேவையைப் போல் இருமடங்கு கிடைக்கிறது. மணிச்சத்து ஏறக்குறைய நிறைகிறது. தழைச்சத்தில் பாதிக்கு மேல் குறைகிறது. அந்தக் குறையை அடைக்க 18 கிலோ யூரியா போதும். அது அரை மூட்டைகூட இல்லை. ஆண்டுதோறும் எரு அடிக்கும் நிலத்தில் முந்தைய ஆண்டுகளின் மிச்சமும் சேர்வதால் அதுவும் படிப்படியாகக் குறையும்.

ஆக, ‘எருவே போதும்’ என்பதும் ‘எருவில் என்ன சத்து இருக்கிறது’ என்பதும் இரண்டுமே தவறு. அதோடு எருவின் மதிப்பு இந்த மூன்று சத்துகளோடு முடிந்துவிடுவதும் இல்லை. மட்கு சேர்ந்த செம்மண் மழைநீரை உள்ளே இழுக்கும், ஈரத்தைக் கூடுதல் நாள் பிடித்து வைக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தை எந்த மட்கும் தாங்காது. ஆனால் வழக்கமான மழையில் மேல்மண் அரித்துப் போகாமல் காப்பதற்கும், நடுவில் மழை தவறும் நாட்களில் கேழ்வரகு காயாமல் நிற்பதற்கும் மட்கு துணை நிற்கும். யூரியா மூட்டையால் இதைச் செய்ய முடியாது.

இங்கே ஒரு நம்பிக்கையையும் நேரடியாகச் சோதிக்க வேண்டும். ஒரு நாட்டு மாடு 30 ஏக்கருக்குப் போதும் என்று, செலவில்லா இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் முறை சொல்கிறது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ சாணம், பத்து லிட்டர் வரை கோமியம், வெல்லம், பயறு மாவு, 200 லிட்டர் தண்ணீர் கலந்த ஜீவாமிர்தம் அதன் அடிப்படை. இவை அனைத்திலும் உள்ள தழைச்சத்தைக் கூட்டினால் ஒரு தடவைக்குக் கால் கிலோவைத் தாண்டாது. மண்ணில் ஏற்கெனவே இருப்பதை நுண்ணுயிர்கள் கரைத்துத் தரலாம். இல்லாத மணிச்சத்தை அவை உண்டாக்க முடியாது. 2019இல் தேசிய வேளாண் அறிவியல் கழகமும் இம்முறைக்குப் போதிய சான்று இல்லை என்றே சொன்னது. நன்றாகப் பராமரித்தால் ஒரு மாட்டிலிருந்து ஆண்டுக்கு 5 முதல் 6 டன் எரு சேரும். ஒரு மாட்டுக்கு ஒரு ஏக்கர் என்பதே நேர்மையான கணக்கு. மாடில்லாத நிலத்துக்குப் பசுந்தாள் உரமும் பயிர்க்கழிவும்தான் வழி. 2021இல் இலங்கை இந்தக் கணக்கைப் போடாமல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. சில மாதங்களில் தடையை விலக்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் இழப்பைச் சுமந்தவர்கள் நெல்லும் தேயிலையும் விளைவித்த எளிய மக்கள்.

இரண்டாவது அளவுகோலில்தான் நம் பழக்கம் தோற்கிறது. கட்டுத்தரையிலிருந்து வாரிய சாணத்தைத் திறந்தவெளியில் குவித்து வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறோம். வெயிலில் தழைச்சத்து அமோனியாவாகப் பறக்கிறது. மழையில் சாம்பல் சத்து கறுப்புத் தண்ணீராக ஓடிக் கிணற்றிலும் குட்டையிலும் கலக்கிறது. ஒரு விழுக்காடு தழைச்சத்தும் 1.35 விழுக்காடு சாம்பல் சத்தும் உள்ள மாட்டு மூத்திரம் மண்தரையில் ஊறி வீணாகிறது. காற்றுப் புகாத குவியலில் மீத்தேன் உருவாகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமிலவாயுவைப் போல் நூறாண்டுக் கணக்கில் 27 மடங்குக்கும் மேல்.

மக்காத எரு நிலத்துக்குப் போனால் பூச்சியும் கூடவே போகும். நிலக்கடலையில் வேர்ப்புழு பெருகும். தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு வளர்வது இந்த எருக்குவியல்களில்தான். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்தால் வண்டின் புழுக்கள் மடியும். தக்காளிக்கும் கீரைக்கும் பச்சைச் சாணம் போட்டால் நோய்க்கிருமி சமையலறைவரை வரும். கோழி எருவுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதில் தழைச்சத்து 3 விழுக்காடு, மணிச்சத்து 2.6 விழுக்காடு. திறந்து கிடந்தால் 30 நாளில் பாதித் தழைச்சத்து போய்விடும். தழைச்சத்துக்காக அளவின்றிக் கொட்டினால் மணிச்சத்து மண்ணில் தேங்கும். கால்நடை மிகுந்த நெதர்லாந்து இந்தத் தேக்கத்தோடுதான் பல்லாண்டுகளாகப் போராடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1991லேயே நீர்மாசுக்கு ஆளாகும் பகுதிகளில் ஹெக்டேருக்கு 170 கிலோ எருத் தழைச்சத்து என்று வரம்பு கட்டியது. நமக்குப் பற்றாக்குறைதான் நோய். ஆனாலும் ஓசூர் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளை ஒட்டிய நிலங்களில் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவது, உழைப்பும் செலவும். 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 காசு. அதிலுள்ள தழைச்சத்துக்கு நான்கு டன் எரு வேண்டும். நான்கு டன்னை அள்ளி, டிராக்டரில் ஏற்றி, நிலத்தில் இறைக்கும் கூலியே அந்த விலையைப் பல மடங்கு தாண்டும். வீட்டு இளைஞர்கள் ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிய பிறகு, சாணிக்கூடை பெண்கள் தலையில் மிஞ்சுகிறது. மூட்டைக்கு மானியம் கொடுத்துவிட்டு எருக்குழிக்கு உழவர் தலையில் செலவு வைப்பது நீதியான கொள்கை ஆகாது. 2023இல் மத்திய அரசு கோபர்தன் திட்டத்துச் சாண எரிவாயு ஆலைகளின் இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. ஆலைக்குக் கிடைக்கும் அந்த ஆதரவு, இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டின் எருக்குழிக்கும் கிடைக்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்து நிறுத்தால் முறைகளைத் தரம் பிரிக்கலாம். முதலிடம் வயலில் அடைக்கும் ஆட்டுப்பட்டிக்கு. புழுக்கையும் மூத்திரமும் நிலத்திலேயே விழுகின்றன. அள்ளும் கூலியும் ஏற்றும் கூலியும் இல்லை. ஆட்டெருவில் தழைச்சத்து 3 விழுக்காடு. அடுத்த இடம் சாண எரிவாயுக் கலனுக்கு. நான்கைந்து மாடு உள்ள வீட்டில் நாளுக்கு 50 கிலோ சாணம் இரண்டு கனமீட்டர் எரிவாயுவைத் தந்துவிட்டுச் சத்துக் குறையாத கரைசலாக நிலத்துக்குத் திரும்புகிறது. 1893இல் ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், இந்திய உழவர்கள் விறகில்லாமல் சாணத்தை எரிப்பதைக் கண்டு வருந்தி எழுதினார். அடுப்பும் எரியும், நிலமும் இழக்காது என்ற வழி இப்போது கையில் இருக்கிறது. மூன்றாவது, நிழலில் அமைந்த எருக்குழி. சிறு குடும்பங்களில் பெரும்பாலானோருக்கு ஏற்றது இதுவே. குவித்துவிட்ட பச்சைச் சாணமும், எருவே இல்லாமல் ஜீவாமிர்தக் கரைசலை மட்டும் நம்புவதும் கடைசி இடத்துக்குரியவை.

தீர்ப்பு இது: கல்லாவி மண்ணுக்குக் கால்நடை எரு இன்றியமையாதது, தனியாக அது போதாது, இன்று கையாளப்படும் விதத்தில் அது நிலைத்த உரமும் அல்ல. இரசாயனமா இயற்கையா என்று மேடைகளில் வழக்காடும் நேரத்தில், கட்டுத்தரைக்கும் வயலுக்கும் இடையில் நம் சத்து ஒழுகிப் போகிறது. அதைத் தடுத்தால் யூரியாவின் தேவை தானே சுருங்கும். இரண்டு மாடு உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிமெண்டுத் தரை, மூத்திரம் வடியும் ஒரு கால்வாய், மீட்டர் ஆழத்தில் ஒரு குழி, மண்ணைச் சோதித்துச் சொல்ல ஒரு ஆள் ஆகியவற்றை அரசு தர வேண்டும். உழவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கொட்டகைக்கு அருகே நிழலில் குழி வெட்டுங்கள். தீவனக் கழிவில் மூத்திரத்தை ஊறவிட்டுச் சாணத்தோடு சேர்த்துப் போடுங்கள். நிறைந்ததும் மண்ணால் மெழுகி நான்கைந்து மாதம் விடுங்கள். மக்கிய பிறகே வயலுக்கு எடுங்கள்.