யானைக்குட்டி: கேள்வியும் அடியும்

ருட்யார்ட் கிப்ளிங்கின் 'யானைக்குட்டி' கதை 1902இல் வெளிவந்த அவரது சிறுவர் தொகுப்பில் உள்ளது. கேள்வி கேட்பவனுக்குத் தும்பிக்கை கிடைக்கும் என்பதே அதன் படிப்பினை என்பார்கள். எனக்கு அது போதவில்லை.

யானைகளுக்குத் தும்பிக்கை இல்லாத காலம். குட்டி தீக்கோழி மாமியிடம் வாலிறகைப் பற்றிக் கேட்கிறது, அடி. ஒட்டகச்சிவிங்கி மாமாவிடம் தோலின் புள்ளிகளைப் பற்றிக் கேட்கிறது, அடி. முதலை என்ன சாப்பிடும் என்று கேட்டதும் எல்லாருமே அடிக்கிறார்கள். வீட்டில் பதில் இல்லாததால்தான் அது தனியே லிம்போபோ ஆற்றுக்குப் போய் முதலையின் வாயில் மாட்டுகிறது. மலைப்பாம்பு காப்பாற்றுகிறது, இழுபட்ட மூக்கு தும்பிக்கையாகிறது.

திரும்பி வந்த குட்டி அதே தும்பிக்கையால் சொந்தக்காரர்களை வெளுத்து வாங்குகிறது. பிள்ளைகள் சிரிக்கும் இடம் இது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பெரியவர்களால் கேள்வியை நிறுத்த முடியவில்லை, அடிக்க மட்டும் பழக்கிவிட்டார்கள். கடைசியில் எல்லாரும் முதலையிடம் போய்த் தும்பிக்கையோடு வந்த பிறகே அடி ஓய்கிறது. அறிவு வந்ததால் அல்ல, பலம் சமமானதால்.

"அதெல்லாம் கேக்கப்படாது மகன்" என்று நம் வீடுகளிலும் சொல்கிறோம். சூரா கஹ்ஃபில் மூஸா (அலை) பொறுமையிழந்து மூன்று முறை வாய் திறக்கிறார்கள். பயணம் முறிகிறது, ஆனாலும் கிழ்ர் (அலை) விளக்கம் சொல்லாமல் பிரியவில்லை. அந்த விளக்கத்தையாவது நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.