‘அந்த நாள்’ (1954): குடும்பம், துரோகம், பெயர் சுட்டப்படாத பாசிசம்

ஆய்வுச் சுருக்கம்

எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து 1954ஆம் ஆண்டு வெளிவந்த ‘அந்த நாள்’, பாடல் இல்லாத தமிழ்ப் படம் என்னும் சிறப்பாலேயே பெரிதும் அறியப்படுகிறது. இக்கட்டுரை அப்படத்தை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு சென்னைக் குடும்பத்தில் நேர்ந்த அரசியல் பிளவைப் பேசும் பனுவலாக அணுகுகிறது. கதை நிகழும் 1943 அக்டோபர் மாதத்தின் வரலாற்றோடு படத்தை ஒப்புநோக்கி, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அந்த நாள், எஸ். பாலசந்தர், பாசிசம், இந்திய தேசிய இராணுவம், புறநானூறு.

முன்னுரை

1943 அக்டோபர் 11ஆம் நாள் இரவு சென்னை நகரின்மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியது. அவ்விரவை ஒட்டி வானொலிப் பொறியாளன் ராஜன் (சிவாஜி கணேசன்) தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் வீட்டாரையும் அயலாரையும் விசாரிக்க, ஒவ்வொருவர் கூற்றும் ஒவ்வொரு கதையாக விரிகிறது. இறுதியில் ராஜன் ஜப்பானின் ஒற்றன் என்பதும், மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைப் பறித்தது என்பதும் வெளிப்படுகின்றன. வசனத்தை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்துள்ளார். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமான்’ (1950) படத்துடன் இதனை ஒப்பிடுவது வழக்கம். எனினும் கூறுமுறை பற்றிய ஒப்பீடு, அக்கூறுமுறை எந்த அரசியலைத் தாங்குகிறது என்ற வினாவைப் பின்தள்ளிவிடுகிறது.

இல்லறக் காரணங்களும் மறைந்த அரசியலும்

விசாரணையில் எழும் ஐயங்கள் யாவும் இல்லறம் சார்ந்தவை. சொத்துப் பங்கு, பணம், கள்ள உறவு ஆகியவற்றைச் சுற்றியே சாட்சியங்கள் சுழல்கின்றன. தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, அண்டைவீட்டார், ராஜனோடு தொடர்புடைய பெண் என ஒவ்வொருவரும் பிறரை ஐயுறுகின்றனர். வீட்டின் தலைமகன் அந்நிய வல்லரசுக்கு ஒற்றனாகியிருக்கக்கூடும் என்று அவர்களுள் எவருக்கும் தோன்றவில்லை. அரசியல் காரணத்தை அறிந்தவள் மனைவி ஒருத்தியே. குடும்பம் தன் துயரத்தை விளக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் சொற்களுள் அரசியலுக்கு இடமில்லை என்பதைப் பல்கோணக் கூறுமுறை மெய்ப்பிக்கிறது. படத்தின் தலையாய வலிமை இதுவே.

இதனை ஹாலிவுட் படமான ‘தி மார்ட்டல் ஸ்டார்ம்’ (1940) உடன் ஒப்பிடலாம். பிராங்க் போர்செகி இயக்கிய அப்படத்தில், 1933 ஜனவரி 30ஆம் நாள் பேராசிரியர் ஒருவரின் பிறந்தநாள் விருந்தின்போது ஹிட்லர் பிரதமரான செய்தி வருகிறது. அந்த மேசையிலேயே குடும்பம் இரண்டாகிறது. அங்கே பிளவு வெளிப்படையானது, கொள்கை சார்ந்தது. எனினும் பேராசிரியர் யூதர் என்பதை வசனம் சொல்வதில்லை. ‘ஆரியர் அல்லாதவர்’ என்றே குறிக்கிறது. ‘அந்த நாள்’ படத்திலோ பிளவு மறைவானது, கொள்கையே விடுபட்டுள்ளது. குறைந்த விலையில் வானொலி உருவாக்கும் ராஜனின் திட்டத்தை அரசு ஆதரிக்க மறுக்கிறது. அந்த ஏமாற்றமே அவனை ஒற்றனாக்குகிறது. ஜப்பான் இங்கு ஓர் அரசியலாக இடம்பெறவில்லை. இரகசியங்களை விலைக்கு வாங்கும் தரப்பாக மட்டுமே இடம்பெறுகிறது.

1943 அக்டோபர்

அந்த மாதத்தின் வரலாறு இத்தகைய எளிமைக்கு இடம் தருவதில்லை. முந்தைய ஆண்டு ஏப்ரலிலேயே படையெடுப்பு அச்சத்தால் சென்னை மக்கள் பெருமளவில் நகரைவிட்டு வெளியேறியிருந்தனர். போர்க்காலத்தில் சென்னைக்கு வடக்கே, இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதியான செங்குன்றத்தின் ஏரியிலிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் கட்டலினா கடல் விமானங்கள் வங்கக் கடலின்மேல் பறந்தன. அக்கடலின் மறுகரையில் மலாயாத் தமிழர்கள் இருவேறு நிலைகளில் ஜப்பானுடன் பிணைக்கப்பட்டிருந்தனர். சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளருள் பல்லாயிரவர் மாண்டனர்; அப்பாதை அதே அக்டோபரில் முடிக்கப்பட்டது. மறுபுறம், அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். ஜப்பானின் துணையோடு இயங்கிய இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் திரளாகச் சேர்ந்தனர்.

அவ்வரசில் இடம்பெற்று ஜான்சி ராணிப் படையை வழிநடத்திய லட்சுமி சுவாமிநாதன், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காங்கிரஸ் தலைவர் அம்மு சுவாமிநாதனின் மகள். ஜப்பானின் ஒற்றனான கணவனைச் சென்னைப் பெண் ஒருத்தி தடுத்து நிறுத்துவதாகப் படம் காட்டும் அதே மாதத்தில், சென்னைப் பெண் ஒருவர் ஜப்பானின் நேச அணியில் படை நடத்தினார். இருவருக்கும் உந்துதல் நாட்டுப்பற்றே. இந்த முரணைப் படம் தொடவில்லை.

தொடாமைக்குக் காரணத்தை 1954ஆம் ஆண்டின் சூழலில் தேடலாம். 1945–46இல் செங்கோட்டையில் நடந்த இந்திய தேசிய இராணுவ வழக்குகளுக்குப் பின் அவ்வீரர்கள் நாடெங்கும் போற்றப்பட்டனர். ஜப்பானுக்கு உதவியதைக் குற்றமாகவும் காட்ட வேண்டும். போஸின் நினைவுக்கு ஊறும் நேரக்கூடாது. இந்த நெருக்கடியிலிருந்து மீளவே ராஜனின் செயல் தனிமனித மனக்கசப்பாகச் சுருக்கப்பட்டது என்று வாசிக்க இடமுண்டு. அன்று அவன் காட்டிக்கொடுத்தது பிரிட்டிஷ் ஆட்சியின் இரகசியங்களை. படமோ, விடுதலைக்குப் பிந்தைய குடியரசின் கண்கொண்டு அதனைத் தேசத்துரோகமாக்குகிறது.

உஷாவும் புறநானூற்றுத் தாயும்

உஷாவின் செயலுக்குத் தமிழ் மரபில் நெருங்கிய ஒப்புமை புறநானூற்றின் 278ஆம் பாடல். மகன் புறமுதுகிட்டான் எனக் கேட்ட முதிய தாய் தன் மார்பை அறுத்தெறிய வஞ்சினம் கூறிக் களம் செல்கிறாள்; அவன் வெட்டுண்டு வீழ்ந்து கிடக்கக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதும் மகிழ்கிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் தாய்க்கு ஐயம் நீங்குகிறது. உஷாவுக்கு ஐயம் உறுதியாகிறது. தாயின் வஞ்சினம் தன் உடலைத் தண்டிப்பது. உஷாவின் கைத்துப்பாக்கியோ கணவனை நோக்கியது. பழைய மறக்குடிப் பெண்ணுக்கு ஊர் தரும் பெருமை உஷாவுக்குக் கிட்டவில்லை. அவளுக்கு எஞ்சுவது மறைக்க வேண்டிய உண்மையும் விசாரணையுமே. நாடும் கணவனும் ஒருசேரக் கோரும் விசுவாசத்தின் சுமையைப் பெண்ணின்மீது ஏற்றிய படம், அச்சுமையின் கொடுமையையும் மறைக்காமல் காட்டியுள்ளது. வெளியானபோது வணிக வெற்றி பெறாத இப்படம் இன்றும் பார்வையாளரைத் தொந்தரவு செய்வதற்கு இதுவே காரணம்.

முடிவுரை

‘அந்த நாள்’ குடும்பத்தின் மௌனத்தைக் கூர்ந்து கண்ட படம். வரலாற்றின் சிக்கலை அது அதே கூர்மையுடன் காணவில்லை. துரோகியைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லும் அது, ஒருவனை ஆதிக்க அரசியலின் பக்கம் ஈர்ப்பது எது என்ற வினாவுக்கு மனக்கசப்பு என்ற ஒற்றை விடையோடு நின்றுவிடுகிறது. பாசிசம் கொள்கையாகவும், விடுதலையின் வாக்குறுதியாகவும், தோட்டத் தொழிலாளியின் சாவாகவும் ஒரே மாதத்தில் தமிழரை வந்தடைந்தது. அம்மாதத்தின் ஒரு நாளைத் தேர்ந்துகொண்ட படம் இம்மூன்றையும் வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது. தமிழ்த் திரையின் போர்க்காலச் சித்திரிப்புகளை ஆராய்வோர், கூறுமுறைப் புதுமையோடு இந்த விடுபடலையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.