நாக்கடிச் சவ்வை எப்போது வெட்டலாம்?

2005இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் மருத்துவர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நாக்கு ஒட்டு (அடிச்சவ்வு நாக்கைக் கட்டிப்போடுவது) உள்ள, பால் குடிக்கச் சிரமப்பட்ட 57 குழந்தைகள். ஒரு பகுதிக்கு நாக்கடிச் சவ்வை உடனே வெட்டிவிட்டார்கள். மறு பகுதிக்கு 48 மணி நேரம் தாய்ப்பால் ஆலோசகரின் உதவி மட்டும். வெட்டிய 28 குழந்தைகளில் 27 தேறின. வெட்டாத 29இல் ஒன்றுதான் தேறியது. இனிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றும்.

இருக்கிறது. தன் குழந்தைக்கு வெட்டினார்களா இல்லையா என்பது அந்தத் தாய்மார்கள் எல்லோருக்கும் தெரியும். அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2012இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். இம்முறை குழந்தைகளைத் தனியறைக்குத் தூக்கிச் சென்று, சிலருக்கு வெட்டினார்கள். சிலரை ஒன்றும் செய்யாமல் திருப்பிக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்தார்கள். யாருக்கு என்ன நடந்தது என்று தாயிடம் சொல்லவில்லை. வெட்டிய தரப்பில் 27 தாய்மாரில் 21 பேர் இப்போது தேவலை என்றார்கள். வெட்டாத தரப்பில் 30 பேரில் 14 பேரும் அதையே சொன்னார்கள்.

இந்த இரண்டாவது கணக்கைத்தான் நான் நம்புகிறேன். கத்திரி படாமலே ஏறத்தாழ பாதித் தாய்மார் தேறியதாக உணர்ந்தார்கள். நம்பிக்கையும் அக்கறையும் அவ்வளவு செய்கின்றன. அதற்கு மேலும் நூற்றுக்கு முப்பது பேருக்கு வெட்டு தன் சொந்த பலத்தில் உதவியிருக்கிறது. வெட்டச் சொல்பவர்கள் முதல் உண்மையை மறைக்கிறார்கள். வெட்டாதே என்பவர்கள் இரண்டாவதை மறைக்கிறார்கள்.

நாக்கைத் தூக்கினால் அடியில் ஒரு சவ்வு எழுந்து நிற்பது எல்லோருக்கும் உண்டு. அது தனியான கயிறு அல்ல, வாயின் அடித்தளத்தில் பரவியிருக்கும் மெல்லிய திசுப்படலத்தின் மடிப்பு என்பதை 2019இல் வெளிவந்த நியூசிலாந்து உடற்கூறு ஆய்வு காட்டியது. சில குழந்தைகளுக்கு அந்த மடிப்பு நாக்கின் நுனிவரை வந்து பற்றிக்கொள்கிறது. அழும்போது நுனி நடுவில் உள்வாங்கி இதய வடிவில் தெரியும். ஆனால் பால் இறங்குவது நாக்கு நுனியின் வேலை மட்டுமல்ல. வாய் நிறைய மார்பைக் கவ்வியபின் நாக்கு கீழிறங்கும்போது உண்டாகும் உறிஞ்சுவிசைக்கே அதில் பெரும் பங்கு என்று அல்ட்ராசவுண்ட் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் நாக்கை நீட்ட முடியாத குழந்தை வயிறு நிறையக் குடிப்பதும் உண்டு. குறையே தெரியாத நாக்குள்ள குழந்தை திணறுவதும் உண்டு. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு அதை மட்டும் வைத்து வெட்டுக்கு எழுதிக்கொடுப்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

சோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வுக்குக் கிடைத்தவை ஐந்தே சோதனைகள், 302 குழந்தைகள். அதில் தேறியது இவ்வளவுதான்: தாயின் காம்புவலி குறுகிய காலத்துக்குக் குறைகிறது, குழந்தை பால் குடிப்பது மேம்படுகிறது என்பது உறுதிப்படவில்லை. இதைப் படித்துவிட்டு, வலிதானே குறைகிறது, வேறென்ன பலன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்குக் கோபமூட்டுகிறது. வெடித்து ரத்தம் கசியும் காம்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழந்தையின் வாயில் வைப்பவளுக்கு அந்த வலி சின்ன விஷயம் அல்ல. புட்டிப்பாலுக்குப் போகும் பெண்கள் பலரைத் தள்ளுவது அதுதான். தாயின் வலி குறைவது தன்னளவிலேயே ஒரு பலன். குழந்தையின் எடை கூடினால்தான் அது கணக்கில் சேரும் என்பது நியாயமில்லை.

வெட்டு உதவுகிறதா என்ற கேள்வியைத் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்த்த பிரிட்டனின் பெரிய சோதனை 870 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்டு, 169 பேரோடு நின்றுபோனது. மூன்று மாதத்தில் தாய்ப்பால் குடித்தவர்கள் வெட்டிய தரப்பில் 88 சதவீதம், வெட்டாத தரப்பில் 86 சதவீதம். வித்தியாசம் இல்லை என்று முடிவுகட்டிவிடலாமா? முடியாது. வெட்டாத தரப்பிலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த மூன்று மாதத்துக்குள் வெட்டியாகிவிட்டது. முதலில் வெட்டியவர்களையும் கொஞ்சம் தள்ளி வெட்டியவர்களையும் ஒப்பிட்ட கணக்காகிவிட்டது அது.

எனக்கு அதிகம் கனப்பது நியூசிலாந்தின் கேன்டர்பரி வட்டாரத்தின் அனுபவம். 2015இல் அங்கே பிறந்த குழந்தைகளில் 11.3 சதவீதத்துக்கு நாக்கடிச் சவ்வை வெட்டியிருந்தார்கள். பிறகு மருத்துவர்களும் பேறுகாலச் செவிலியர்களும் கூடி, எல்லோரும் ஒரே அளவுகோலால் நாக்கை மதிப்பிடுவது, பால் கொடுக்க முதலில் உதவுவது என்று ஒழுங்கு செய்தார்கள். 2017 நடுவில் வெட்டு 3.5 சதவீதமாக இறங்கியது. தாய்ப்பால் கொடுப்போர் விகிதம் மாறவில்லை. அதாவது முன்பு நடந்த வெட்டுகளில் பெரும்பகுதி இல்லாமலே காரியம் நடந்திருக்கிறது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. தாய்மார்கள் எவ்வளவு வலியோடு கொடுத்தார்கள் என்பதை அந்த விகிதம் காட்டாது. இருந்தாலும், அங்கே கடைசிவரை மிஞ்சிய 3.5 சதவீதத்தை நான் மறக்கமாட்டேன். உதவி செய்து பார்த்த பிறகும் வெட்டு தேவைப்பட்டவர்கள் அவர்கள்.

அமெரிக்காவில் கதை எதிர்த்திசையில் போனது. மருத்துவமனைப் பதிவுகளில் 1997இல் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த நாக்கு ஒட்டு என்ற நோயறிதல் 2012இல் முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டியது. பதினைந்து ஆண்டில் குழந்தைகளின் நாக்கு மாறிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ‘பின்புற ஒட்டு’, உதட்டு ஒட்டு, கன்ன ஒட்டு என்று பெயர்கள் பெருகின, லேசர் வந்தது. பாஸ்டனில் வெட்டுக்கென்று அனுப்பப்பட்ட 115 குழந்தைகளைப் பால் குடிக்கும்போதே கவனித்து ஆராய்ந்தபோது, 72 பேருக்கு எந்த வெட்டும் வேண்டியிருக்கவில்லை. 2024இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தெளிவாகவே எழுதியது: பின்புற ஒட்டுக்குச் சரியான வரையறை இல்லை, உதட்டையும் கன்னத்தையும் பால் குடிப்பதற்காக வெட்ட ஆதாரமில்லை, கத்திரியைவிட லேசர் மேலானது என்பதற்கும் ஆதாரமில்லை.

நம் வீடுகளில் கேள்வி பெரும்பாலும் வேறு வழியாக வருகிறது. பாட்டி நாக்கைப் பார்த்துவிட்டு, பேச்சு வராமல் போய்விடுமோ என்கிறார். பிற்காலப் பேச்சுக் குறையைத் தடுப்பதற்கென்று பச்சைக்குழந்தைக்கு வெட்ட ஆதாரம் இல்லை. இன்னொன்று: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். தையல் வலியோடு மல்லாந்து கிடப்பவளுக்குப் பால் ஊற நாளாகலாம்; குழந்தையைச் சரியாக அணைத்துப் பிடிக்கவும் வராது. அந்த நாட்களின் கஷ்டத்தை நாக்கின் தலையில் கட்டுவது சுலபம்.

ஆகவே என் தீர்ப்பு இது. சவ்வு தெரிகிறது என்பதற்காக மட்டும் வெட்டக்கூடாது. நன்றாகக் குடித்து, எடை ஏறி, தாய்க்கு வலியில்லாமல் இருந்தால் நாக்கு எப்படி இருந்தாலும் விட்டுவிடலாம். வலியோ எடைக்குறைவோ இருந்தால், பழக்கமுள்ள ஒருவர் ஒரு முழு வேளை பால் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அணைப்பையும் பிடிப்பையும் திருத்த வேண்டும். அதுவரை பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். இந்த முயற்சிக்குச் சில நாட்கள் போதும். வாரக்கணக்கில் பொறுத்துக்கொள் என்பது மருத்துவம் ஆகாது. அதற்குப் பிறகும் வலி தணியவில்லை அல்லது குழந்தைக்குப் பால் போய்ச் சேரவில்லை, நாக்கு முன்பக்கம் வெளிப்படையாகக் கட்டுண்டும் இருக்கிறது என்றால், கத்திரியால் வெட்டிவிடுவதே நல்லது. அங்கே தயங்குவதை எச்சரிக்கை என்று சொல்ல மாட்டேன்.

வெட்டு சின்னதுதான், பெரும்பாலும் சில துளி ரத்தம், உடனே தாயின் மார்பு. ஆனால் ரத்தக்கசிவு, மூச்சுத்திணறல், பால் குடிக்க மறுப்பது ஆகியவற்றோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகள் நியூசிலாந்தின் கண்காணிப்பில் பதிவாகியிருக்கிறார்கள். பால் குடிக்காததற்கு வேறு நோய் காரணமாக இருந்து, அது தாமதமாகத் தெரியவந்ததும் உண்டு. பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்காத இடத்தில் வெட்டிக்கொள்ளாதீர்கள். புண்ணை விரலால் தேய்த்து இழுத்துவிடச் சொன்னால் தேவையில்லை என்று மறுக்கலாம். அதற்கு ஆதாரமில்லை, குழந்தைக்கு வாயில் விரல் படுவதே பயமாகிவிடும். சில நாள் கழித்து அதே எடை மெஷினில் எடை பாருங்கள். வலியும் எடையும் முன்போலவே இருந்தால், இரண்டாவது வெட்டுக்குச் சம்மதிக்கும் முன் குழந்தையை முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.