எந்தத் தெரு?

2025 ஜூலையில் தமிழ்நாட்டின் நலத்துறை மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் என்று பிரிந்து கிடந்த 2,739 விடுதிகளுக்கு ஒரே பெயர். அதை வரவேற்றவர்களே அடுத்த மூச்சில் ஒரு சமாதானமும் சொன்னார்கள்: பெயர்தான் மாறுகிறது, அந்தந்தத் துறையின் விடுதி அந்தந்தத் துறையிடமே இருக்கும், யாரும் பயப்பட வேண்டாம். தேனிப் பக்கம் இதைக் கேட்டு நிம்மதியானவர்களை எனக்குத் தெரியும். அந்த நிம்மதிதான் என்னை உறுத்துகிறது.

இந்த விடுதிகளைப் பொதுவாகக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அங்கே தின்று வளர்ந்து பட்டம் வாங்கியவன் நான். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்ற கள்ளர்கள் சுடப்பட்டதற்குப் பின் வளர்ந்தவைதாம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் விடுதிகளும். 2024 ஜூனில் நீதியரசர் சந்துரு குழு அந்தப் பள்ளிகளையும் ஒரே துறைக்குள் கொண்டுவரச் சொன்னபோது எழுந்த எதிர்ப்பில் அந்த ரத்தத்தின் நினைவும் இருந்தது. தலித் மாணவனுக்கு நகரத்தில் வாடகைக்கு அறை மறுக்கப்பட்ட காலத்தில், இன்னும் பல தெருக்களில் அது மறுக்கப்படும்போதும், நல விடுதி இல்லாமல் கல்லூரி இல்லை. இதெல்லாம் உண்மை. என் கேள்வி ஒன்றே ஒன்று: ஒருவன் எந்த அறையில், யார் பக்கத்தில் படுக்கிறான்?

கல்லூரிப் பழக்கவழக்கம் வகுப்பறைக்கு வெளியேதான் உருவாகிறது. சென்னையில் அது பஸ்ஸில் உருவாகிறது. ஒரே வழித்தட பஸ்ஸில் வரும் கூட்டம் ரூட்டு, அதன் தலைவன் ரூட்டுத் தல, அவர்கள் பஸ்ஸைக் கொண்டாடும் நாள் பஸ் டே. பஸ் டேயை உயர் நீதிமன்றம் தடுத்தும், 2019இல் ஓடும் பஸ்ஸின் கூரையிலிருந்து பையன்கள் கொத்தாகச் சரிந்ததைப் பார்த்தோம். ரூட்டுகளின் அடிதடியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ரூட்டில் சேர, ஏறுகிற பஸ் போதும். இந்தப் பக்கம் குமுளியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் மாணவர் அமைப்புகளின் கொடியும் தேர்தலும். எஸ்எஃப்ஐயா கேஎஸ்யுவா என்று பையனே முடிவு செய்கிறான், பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் மாறிக்கொள்கிறான். நம் கம்பம் பள்ளத்தாக்கில் ரூட்டுக்கும் வழியில்லை, மாணவர் தேர்தலும் இல்லை. இருப்பது விடுதி. அங்கே சேரும் தகுதி பிறந்த அன்றே முடிவாகிவிடுகிறது.

என் முதல் இரவு. தகரப் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் ஒரு சீனியர் அண்ணன் வந்தார். “எந்த ஊரு தம்பி?” கம்பம் பக்கம் என்றேன். “பக்கம்னா?” ஊரைச் சொன்னேன். “அங்க எந்தத் தெரு?”

தெருவைச் சொன்னதும் அறை முடிவானது. ஒரே துறையின் விடுதிதான், ஆனால் அதற்குள்ளும் மாடிக்கு ஒரு சாதி. ஞாயிற்றுக்கிழமை என் மணிக்கட்டில் ஒரு சாதிக் கயிறு ஏறியது. கட்டியவர் மிரட்டவில்லை, அன்பாகத்தான் கட்டினார். பழைய பாடப் புத்தகம் கொடுத்தார். பரீட்சைப் பணம் கட்டக் கைமாற்றுக் கொடுத்தார். காய்ச்சலில் கிடந்தபோது ரசம் சாதம் வாங்கி வந்து ஊட்டிவிட்டார். பக்கத்து மாடியில் இன்னொருவன் அதே காய்ச்சலில் கிடந்தான். அவனை அவர் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கும் அது அன்று விசித்திரமாகப் படவில்லை. ராகிங்கைச் சட்டம் போட்டுத் தடுக்கலாம், கயிற்றைச் சுற்றறிக்கை போட்டு அறுக்கலாம். தெருவைக் கேட்டு அளந்து ஊற்றும் அன்பை எந்தச் சுற்றறிக்கை பிடிக்கும்?

அவரவர் விடுதியில் இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். தலித் பிள்ளையின் தாய் இதைச் சொன்னால் நான் தலைகுனிந்து கேட்பேன். மற்றவர்கள் சொல்லும்போது கேட்கத் தோன்றுகிறது: யாரிடமிருந்து பாதுகாப்பு? பதினேழு வயதுவரை ஊரில் தனித்தெரு, அதன் பிறகு மூன்று வருஷம் தனிவிடுதி என்று வளர்ந்த பையனிடமிருந்துதானே? அவனை அப்படி வளர்ப்பதற்கு அரசே சோறும் போட வேண்டுமா? பிற சமூகத்தாருக்கும் விதியில் சில இடங்கள் உண்டென்பார்கள். நூறு பேர் நடுவே நாலைந்து பேராக வருகிறவன் அங்கே விருந்தாளி. அவன் வாயைத் திறக்கவே ஒரு வருஷம் ஆகும்.

அமெரிக்கக் கல்லூரிகளிலும் ஆள் பார்த்துச் சேர்க்கும் விடுதிகள் உண்டு: கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்க இல்லங்கள். தெற்கே அலபாமா பல்கலைக்கழகத்தில், வெள்ளைப் பெண்களின் இல்லங்கள் கறுப்பினப் பெண்களைத் தட்டிக்கழிப்பதை மாணவர் பத்திரிகை 2013இல் அம்பலப்படுத்திய பிறகுதான் கதவு அசைந்தது. வடகிழக்கில் கதை வேறு. வில்லியம்ஸ் கல்லூரி 1962இலும், கோல்பி 1984இலும் அத்தகைய இல்லங்களை ஒழிக்க முடிவெடுத்தன. அங்கே பலகையை மட்டும் மாற்றிவிட்டுப் போகவில்லை. மாணவர் குடியிருப்பைக் கல்லூரியே தன் கையில் எடுத்தது. நம் அரசின் கையில் இந்த நல விடுதிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஓர் ஊரின் கல்லூரி விடுதிகளை ஒரே பட்டியலாக்கி, சலுகை, இடஒதுக்கீடு எதையும் தொடாமல், அறையை மட்டும் சீட்டுக் குலுக்கிப் போடலாம். செலவு ஒரு பானையும் நாலு காகிதமும்.

நம் பகுதிக்கு இது வராது என்பவர்களுக்கு இந்தப் பகுதியையே காட்டுவேன். போடியில் கல்லூரி கட்டியது ஏலக்காய் விவசாயிகள் சங்கம், ஒரு தொழிலின் பெயரால். உத்தமபாளையத்தில் 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் எழுந்த ஹவுதியா கல்லூரியில் பள்ளத்தாக்கின் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஞ்சைச் சேர்த்துப் போட முடிந்தவர்களுக்குக் கட்டிலைச் சேர்த்துப் போட முடியாதா?

இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் விடுதிக் கூரை ஒழுகியது. ஏழு வாரத்துக்கு வேறொரு துறையின் விடுதியில் எங்களைப் போட்டார்கள். என் அறைக்கு வந்தவன் பக்கத்து ஊர்க்காரன். நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் குளிருக்கு அவன் போர்வையை இழுத்தேன். ஏலக்காய் மணத்தது. கேட்டேன். “எங்கம்மா போர்வை. எஸ்டேட்டுக்குக் கொண்டு போகும்” என்றான். எங்கள் அம்மாவும் மேலேதான் போகிறது என்றேன். “எந்த ஜீப்பு?” என்றான். விடிகாலை நாலரைக்குக் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுக்குப் போகும் ஜீப். ஆறு வருஷமாக இருவரின் அம்மாவும் அதில் ஒருவர் மடியில் ஒருவர் நெருக்கி உட்கார்ந்து போய் வந்திருக்கிறார்கள். அன்று இரவு நாங்கள் தூங்கவில்லை.

மார்கழியில் கூரை சரியானது. அவரவர் துறைக்குத் திரும்பச் சொல்லி வார்டன் பட்டியல் ஒட்டினார்.