விடுவிக்க வேண்டியவர் யார்?

கொக்கிளாய்க் கரையில் போன் இறுகி நின்றால் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ." பெரும்பாலும் பலிக்கும். போன் இறுகக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, எங்கோ ஒரு நிரல் நினைவகத்தை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க மறந்தது, அதாவது நினைவகக் கசிவு. நிப்பாட்டியதும் ஆண்ட்ராய்டின் அடியில் ஓடும் லினக்ஸ் கேர்னல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு மறுபடி தொடங்குகிறது. மாதக்கணக்கில் ஓயாமல் ஓடவேண்டிய சேர்வருக்கோ, தொலைத்தொடர்புக் கோபுரத்தின் அடியில் இருக்கும் பெட்டிக்கோ இந்த வைத்தியம் உதவாது.

சாதாரணச் செயலி ஒன்று கசிந்தால், அது முடியும்போது கேர்னல் வந்து அதன் நினைவகத்தை முழுதாக அள்ளிக்கொள்ளும். கேர்னலே கசிந்தால் அள்ள மேலே ஆளில்லை. ஒவ்வொரு தடவையும் 100 பைட், விநாடிக்கு 1000 தடவை என்று வைத்தால் ஒரு நாளில் 8.64 ஜிகாபைட். 4 ஜிகாபைட் உள்ள போன் அரை நாள்கூடத் தாங்காது.

கேர்னலுக்குள் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி பெரும்பாலும் குற்றவாளி அல்ல. ஜெஃப் பான்விக் 1994இல் சன் நிறுவனத்தின் இயங்குதளத்துக்காக விவரித்த 'ஸ்லாப்' முறையே இதற்கு மூலம்: ஒரே அளவுள்ள பொருள்களுக்கென்று தட்டுகளை முன்கூட்டியே அடுக்கி வைப்பது. லினக்ஸில் இன்று அந்த வேலையைச் செய்வது 2007இல் கிறிஸ்டோஃப் லாமீட்டர் கொண்டுவந்த 'ஸ்லப்'. வாங்கியவர் திருப்பித் தராததுதான் கசிவு. ஆனாலும் பங்கிடுபவர் கசிவை மறைத்துவிடுவதுண்டு. இடம் மிச்சம் பிடிக்க, அளவு ஒத்த தட்டுகளை ஸ்லப் ஒன்றாகச் சேர்த்துவிடும். கணக்கைப் பார்ப்பவருக்கு 'இந்தத் தட்டு வீங்குகிறது' என்பது தெரியும். அதில் வைத்தவர் நாலு பேரில் யார் என்பது தெரியாது. சேர்க்காதே என்று கட்டளை கொடுத்து, இயந்திரத்தை மறுபடி தொடக்கி, கசிவு திரும்ப வரும்வரை காத்திருக்கவேண்டும்.

கசிவு தேடும் கருவிகளில் முதலில் சொல்லவேண்டியது கேமெம்லீக். கட்டலின் மரினாஸ் எழுதியது, 2009இல் 2.6.31ஆம் பதிப்போடு லினக்ஸில் சேர்ந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேர்னலின் நினைவகத்தை அலசி, எந்த முகவரியும் சுட்டாத துண்டுகளைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும். ஆளே படித்திராத மூலைகளில் கிடந்த கசிவுகளையும் அது வெளியே கொண்டுவந்திருக்கிறது. 2017இல் கூகுள் தொடங்கிய சிஸ்பாட் என்னும் தானியங்கிச் சோதனையாளன் கையில் கேமெம்லீக் சேர்ந்தபின் பட்டியல் இன்னும் நீண்டது.

கேமெம்லீக்கின் பெரிய குறை அதன் அறிக்கையிலேயே இருக்கிறது. துண்டு எந்த வரியில் வாங்கப்பட்டது என்று அது சொல்லும். எந்த வரியில் தொலைந்தது என்று சொல்லாது. பிறந்த ஊரைச் சொல்லி, காணாமல்போன இடத்தைக் கேட்டவரையே தேடச் சொல்கிறது. தற்செயலாக முகவரிபோலத் தோன்றும் ஓர் எண் எங்காவது கிடந்தால் அந்தத் துண்டு உயிரோடிருப்பதாக நம்பிவிடும். பக்கம் பக்கமாக நேரே வாங்கிய நினைவகத்தை அது கண்காணிப்பதே இல்லை.

சுட்டுபவர் இருந்தும் யாருக்கும் பயன்படாத நினைவகம் இன்னொரு வகை. ஒவ்வொரு செயலிக் குழுவுக்கும் நினைவக வரம்பு வைக்கும் வசதியை லினக்ஸில் கட்டியவர்களில் ஒருவர், அப்போது ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த பல்பீர் சிங். அது 2008இல் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, கலைத்துவிட்ட குழுக்களும் உள்ளே சாகாமல் கிடப்பது பெரிய சேர்வர்களில் தெரியவந்தது. அந்தக் குழுவின் பெயரில் கணக்கெழுதிய ஒரேயொரு சின்னப் பொருள் மிஞ்சினாலும் முழுக் குழுவும் போகாது. கேமெம்லீக்குக்கு இது கசிவே அல்ல. ரோமன் குஷ்சின் இதற்குக் கொடுத்த தீர்வில், குழு கலையும்போது மிச்சக் கணக்கு தாய்க்குழுவின் பெயருக்கு மாறுகிறது. அது 2019இல் 5.3ஆம் பதிப்பில் சேர்ந்தது. கேர்னலில் நடந்த மிகச் சிறந்த கசிவுத் திருத்தங்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். ஒரு துளையை அடைத்ததோடு நில்லாமல், பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே அது விடை சொன்னது.

பெரும்பாலான திருத்தங்கள் அப்படியல்ல. ஒரு ட்ரைவர் தொடங்கும்போது மூன்று படிகள்: நினைவகம் வாங்கு, சாதனத்தைப் பதிவுசெய், குறுக்கீட்டை இணை. மூன்றாவது படி தோற்றால் முதல் இரண்டையும் அவிழ்க்கவேண்டும், எழுதியவர் மறந்துவிட்டார். ஆய்வுக் கருவி காட்டிக்கொடுக்க, புதிதாக வந்த ஒருவர், நினைவகத்தை விடுவிக்கும் 'கேஃப்ரீ' என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறார். பார்த்தால் சரிதான். ஆனால் சாதனப் பதிவு தோற்றாலும் அந்தப் பொருளை நேரே விடுவிக்கக் கூடாது, 'புட் டிவைஸ்' மூலம் அதை வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கவேண்டும் என்று கேர்னலின் குறிப்பே எச்சரிக்கிறது. வேறொருவர் இன்னும் வைத்திருக்கும் பொருளை விடுவித்தால், கசிவு போய் அதைவிட மோசமான ஒன்று வந்து சேரும்: விடுவித்த இடத்தை இன்னொருவர் தொடுவது. கசிவு இயந்திரத்தை மெல்ல மெல்ல மூச்சுமுட்ட வைக்கும். விடுவித்த இடத்தைத் தொடுவதோ தாக்குபவர் கையில் சாவியைக் கொடுத்துவிடும்.

இந்தப் பலவீனத்தைத்தான் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டுரையாக்கினார்கள்: சிறு திருத்தம் என்ற பெயரில் இந்த வகை ஓட்டையை நுழைக்கமுடியுமா என்பது அவர்கள் கேள்வி. கேர்னல் பராமரிப்பாளர்களுக்குச் சொல்லாமலே அவர்கள்மீது சோதனை செய்தது மன்னிக்கக்கூடியதல்ல. 2021 ஏப்ரலில் அந்தப் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் திருத்தங்களை ஏற்க மறுத்தார். கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. பிறகு அங்கிருந்து வந்திருந்த 435 திருத்தங்களைத் திரும்பப் படித்தபோது பெரும்பாலானவை சரியாகவே இருந்தன, 39 பிழையானவை. அந்த 39தான் கவலைப்படவேண்டிய எண். நல்லெண்ணத்தோடு அனுப்பிய திருத்தமும் பரிசோதனையைத் தாண்டிப் பிழையாக உள்ளே போயிருக்கிறது. தோல்விப் பாதை எளிதில் ஓடாது. ஓடாத பாதையைக் கண்ணால் மட்டுமே படித்து ஒப்புக்கொள்கிறார்கள்.

வன்னியில் குளக்கட்டில் கசிவைக் கண்டால் நீர் தெளிவா கலங்கலா என்று பார்ப்பார்கள். கலங்கலாக வந்தால் கட்டு உள்ளுக்குள் கரைகிறது. கேர்னலில் இப்படித் தரம்பிரிப்பது போதிய அளவு நடப்பதில்லை. 2019இல் பல கசிவுகளுக்குப் பாதுகாப்புக் குறை என்று சிவிஇ எண் கொடுத்தார்கள். நினைவகமே தீர்ந்துபோகும் தருணத்தில் மட்டும் கசிபவையும் அவற்றில் இருந்தன. தாக்குபவர் அந்தத் தோல்வியைத் தன் விருப்பத்துக்கு வரவழைக்க முடியாது என்று சிலவற்றுக்கு மறுப்பும் எழுந்தது. எந்தப் பயனரும் ஆயிரம் தடவை தூண்டக்கூடிய கசிவும் இவையும் ஒரே வரிசையில் நின்றன.

வேரைத் தொட்ட வேலைகளும் உண்டு. மின்சேமிப்புக்கான ஒரு செயற்கூறு, தான் தோற்றாலும் சாதனத்தின் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்டியே வைக்கும். இதை அறியாமல் எழுதிய ட்ரைவர்கள் ஏராளம். 2020இல் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்திக் களைத்தார்கள். கடைசியில் தோற்றால் எண்ணிக்கையைத் தானே குறைக்கும் புதிய செயற்கூறு ஒன்று 5.10இல் வந்தது. முதலிலேயே செய்திருக்கவேண்டியது அது. 2023இல் 6.5ஆம் பதிப்பு, மாறி தன் எல்லையைத் தாண்டும்போது நினைவகம் தானாக விடுபடும் வழியைக் கொடுத்தது. எந்த வரி எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறது என்பதை ஓடும் இயந்திரத்திலேயே அதிகச் செலவில்லாமல் காட்டும் கணக்கு, 2024இல் 6.10இல் சேர்ந்தது. ரஸ்ட் மொழி இப்போது கேர்னலுக்குள் வந்திருக்கிறது. ஆனால் அம்மொழியின் பாதுகாப்பு உறுதி கசிவைத் தடுப்பதாகச் சொல்வதில்லை.

திருத்தம் எழுதி முடித்தபின்னும் அதன் பயணம் நீளமானது. முதன்மைக் கேர்னலில் இருந்து நிலைப்பதிப்புக்கு, அங்கிருந்து சிப் தயாரிப்பவருக்கு, பிறகு போன் நிறுவனத்துக்கு. மலிவான போனுக்குப் புதுப்பிப்பு வருவது சில ஆண்டுகளோடு நின்றுவிடும். அதன்பின் அதிலுள்ள ஒரு ட்ரைவரின் கசிவை உலகில் எங்கோ ஒருவர் சரியாகவே அடைத்திருப்பார். கரைவலை இழுப்பவரின் பையில் இருக்கும் போன் பழைய கேர்னலோடு கசிந்துகொண்டிருக்கும். அவர் அதை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பார்ப்பார்.