பூமிக்குள் இறங்கும் நெடுஞ்சாலை

ஓசூர்க்காரர்களே, நம் காலடியில் கிடக்கும் அதிசயம் தெரியுமா? ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி, சிப்காட் லாரிகளுக்கு நடுவே சூளகிரி, கிருஷ்ணகிரி என்று தினமும் போய் வருகிறோமே, அந்தச் சாலையோரக் குன்றுகளைப் பார்க்க நிலவியல் அறிஞர்கள் கடல் கடந்து வருகிறார்கள். காரணம் தெரிந்த நாளிலிருந்து என்னால் பேருந்தின் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை!

கோலார் தங்கச் சுரங்கத்தில் மனிதன் இறங்கியது சுமார் 3 கிலோமீட்டர். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் போட்ட துளை 1989-ல் 12,262 மீட்டரைத் தொட்டது. அதற்குமேல் போகச் சூடு விடவில்லை. கிருஷ்ணகிரியில் நாம் மிதித்து நடக்கும் பாறையோ ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்தது. அதை இன்று செருப்புக் காலோடு ஏறிப் பார்க்கலாம்!

எப்படி மேலே வந்தது? தார்வார் நிலத்திட்டு எனப்படும் இந்தப் பழம்பெரும் பாறைத்தளம் தெற்கே அதிகமாக உயர்ந்தது. உயர்ந்த பக்கம் மழையும் காற்றும் அதிகம் அரித்தன. அதனால் பெங்களூரிலிருந்து தர்மபுரி நோக்கிப் போகப் போக, மேலும் மேலும் ஆழத்துப் பாறை வெளியே தெரிகிறது. டோல் கட்டிவிட்டுப் பூமிக்குள் இறங்குகிறோம் என்றே சொல்லலாம்.

நேரில் பார்க்க ஆசையா? கிரானைட் பட்டறையில், இந்தப் பாறையிலிருந்து அறுத்துப் பாலிஷ் போட்ட 'பாரடைசோ' ஸ்லாப் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். இளஞ்சிவப்புப் பட்டைகளும் கரும்பட்டைகளும் நெளிந்து, மடிந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். பாறை பாதி உருகியபோது வெளிறிய பகுதி கசிந்து ஓடியிருக்கிறது. உருகாத பகுதி கருப்பாகத் தங்கிவிட்டது. அந்த ஓட்டம் அப்படியே உறைந்திருக்கிறது. விரலால் தடவித் தடவிப் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

தெற்கே போகப் போகப் பாறை எண்ணெய்ப் பசையோடு பச்சை கலந்த கருநிறமாகிறது. அதுதான் சார்னோக்கைட். சென்னை பரங்கிமலையிலும் இதே இனம்தான். கொல்கத்தாவில் ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்பதால் நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் இப்பெயரிட்டார். வெளிர்ப் பாறை கரும்பாறையாக மாறும் தருணத்தையே கனகபுரா அருகே கப்பல்துர்காவில் கண்டார் நிலவியல் அறிஞர் சி.எஸ்.பிச்சமுத்து. 1960-ல் அவர் 'நேச்சர்' இதழில் எழுதியது இன்றும் உலக ஆய்வாளர்களை அங்கே இழுக்கிறது.

அம்மோனைட் போன்ற கடல் உயிர்களின் புதைபடிவம் வேண்டுமென்றால், ஒருகாலத்தில் கடலாயிருந்த அரியலூர் போகலாம். அந்தக் கடலுக்கு வயது பத்துக் கோடி ஆண்டுதான். நம் பாறைகள் வெந்தபோது உலகில் நுண்ணுயிர்களைத் தவிர யாருமே இல்லை!

பெங்களூர் லால்பாக் பாறையைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறார்கள்; பிள்ளைகள் நின்று படிக்கிறார்கள். கிருஷ்ணகிரி - தர்மபுரி சாலைக்கும் அந்த மரியாதை வேண்டும். குவாரிகள் வெட்டி முடிப்பதற்குள் ஒரு குன்றையாவது பிள்ளைகளுக்கென்று விட்டுவைப்போம்; பள்ளிச் சுற்றுலாவை முதலில் அங்கே அழைத்துப் போவோம்.