சுருதி அசையாத சுழல்தட்டு

இசைத்தட்டைச் சீராகச் சுழற்றுவது, அதன் வரிப்பள்ளத்தில் ஊசியைத் தடுமாறாமல் நடத்திச் செல்வது ஆகிய இரண்டே வேலைகளுக்காக அமைந்த கருவியைக் கடைக்காரர்கள் டர்ன்டேபிள் என்பர். வீடுகளில் அதற்கு ரெக்கார்டு பிளேயர் என்பதே பெயர். விலைப்பட்டியலில் அடுக்கப்படும் ப்ளூடூத் முதலிய வசதிகள் இவ்விரண்டு வேலைகளில் எதற்கும் உதவுவதில்லை என்பதால், நல்ல கருவியை அறிய விரும்புவோர் அவற்றை ஒதுக்கிவிட்டுக் காதை நம்புவதே முறை. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இதற்கான அளவுகோல் முன்பே வாய்த்திருக்கிறது, அது தம்புரா.

சுழற்சி சீரானதா என்று சோதிக்க மேலைநாட்டார் பியானோத் தட்டை வைப்பர். ஒருமுறை தட்டிய சுரம் நீண்டு தேயும்போது சுழற்சி தளும்பினால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பியானோவின் சுரம் சில நொடிகளில் மறைய, தம்புராவோ பாட்டு முழுவதும் பின்னால் ஒரே நிலையில் நிற்பதால், அதைவிடக் கறாரான சாட்சி வேறில்லை. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இயல்பாக நினைவுக்கு வரக்கூடியது, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்த திருப்பாவையை எம்.எல்.வசந்தகுமாரி பாடிய தட்டு. அதில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மட்டும் கவனம் செலுத்திச் சுருதி ஊசலாடுகிறதா என்று கேட்க வேண்டும். ஊசலாட்டம் சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருமானால், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் எல்பி தட்டின் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுவே என்பதால், தட்டின் நடுத்துளை மையம் விலகியிருக்கவும் கூடும். வேறொரு தட்டை வைத்துப் பார்க்காமல் கருவியைக் குறை சொல்வது நியாயமாகாது. ஊசலாட்டம் இதைவிட விரைவாக நடுங்கினால் மோட்டாரையோ பெல்ட்டையோ ஐயுறலாம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத் தட்டு கிடைத்தவர்கள் அவருடைய நீண்ட கார்வைகளிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

வேகம் அசையாமல் இருப்பது ஒன்று, சரியாக இருப்பது வேறொன்று. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய கருவிகள் சிலவற்றில், மின்சாரத்தின் அலைவெண்ணையே பின்பற்றிச் சுழலும் சிங்க்ரோனஸ் மோட்டார் இருக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால், மின்னழுத்தத்தை மட்டும் டிரான்ஸ்பார்மர் வைத்துச் சரிசெய்தால் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 27.8 சுற்றே சுழலும். ஐந்து கட்டையில் பாடிய பெண்குரல் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கி, காலப்பிரமாணமும் இழுத்துக்கொண்டு, வேறு யாரோ பாடுவதுபோலக் கேட்கும். இதைக் கண்ணாலேயே சோதிக்க ஸ்ட்ரோப் அட்டை உண்டு. 33⅓ வேகத்துக்கென 180 கோடுகள் வரைந்த அட்டையைச் சுழல்தட்டின்மேல் வைத்து, நொடிக்கு 100 முறை மினுக்கும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழ்ப் பார்த்தால், வேகம் சரியாக இருக்கையில் கோடுகள் நின்றுவிட்டனபோலத் தோன்றும். எல்இடி விளக்குகள் பலவற்றில் இந்த வித்தை பலிக்காது.

மோட்டாரின் விசை தட்டுக்குச் செல்லும் வழி மூவகைப்படும். ரப்பர்ச் சக்கரம் ஒன்று இடையில் உரசித் தட்டைச் சுழற்றும் ஐட்லர் முறை வலுவானது. ஆனால் மோட்டாரின் உறுமலையும் அது ஊசிக்குக் கடத்திவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் (இது அருணாசலேசுவரர் ஊரன்று, சீனிவாசப் பெருமாள் குன்று) புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவே குழாய் ஒலிபெருக்கி கட்டிய மைக்செட்காரருக்கு அவ்வுறுமல் ஒரு பொருட்டாக இருந்ததில்லை; இரவில் தனியே வீணை கேட்பவருக்கு அது பெருங்குறை. பெல்ட் முறையில் மெல்லிய ரப்பர் வளையம் அதிர்வை விழுங்கிவிடுகிறது, எனினும் வெப்பமிகுந்த ஊர்களில் அது தளர்ந்துவிடுவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். தட்டின் அச்சையே மோட்டாராக்கிய டைரக்ட் டிரைவ் முறைக்கு 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. முதன்முறை வாங்குவோருக்கு நல்ல பெல்ட் கருவியே போதும்.

பெட்டியோடு வரும் சூட்கேஸ் பிளேயர்களைத் தயங்காமல் விலக்கலாம். அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் தலைப்பகுதி, பல கிராம் எடையோடு தட்டை அழுத்துகிறது; காந்தவகைக் கார்ட்ரிட்ஜ்களுக்கு 2 கிராம் அளவே போதும். ஊசியைத் தாங்கும் கையின் பின்முனையிலுள்ள எதிரெடையைத் திருகி அவ்வழுத்தத்தை அமைத்துக்கொள்ள இயலுமா என்பதே கடையில் முதலில் கேட்கத்தக்க கேள்வி. காந்தவகைக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னலை மிகச் சிறியது என்பதால் போனோ ப்ரீஆம்ப் என்னும் முன்பெருக்கி தேவை. அதற்குரிய எர்த் ஒயரை இணைக்க மறந்தால் ஓயாத இரைச்சல் கேட்கும்.

இராஜபாளையம் போன்ற நூற்பாலை ஊர்களில் பஞ்சுத் தூசி பள்ளங்களில் படிவதைத் தவிர்க்க மூடியுள்ள கருவியே நல்லது. வைக்குமிடமாகச் சுவரில் பதித்த கடப்பைக் கல் பலகை, ஒலிபெருக்கியின் அதிர்வு ஊசிக்குத் திரும்பாமல் தடுப்பதில் விலையுயர்ந்த ஸ்டாண்டுகளுக்கு இளைத்ததன்று.

செங்கோட்டை கிட்டப்பாவின் அரக்குத் தட்டுகள் வீட்டில் இருப்பவர்கள் 78 வேகமும் உள்ள கருவியைத் தேட வேண்டும். வேகம் மட்டும் போதாது. எல்பி ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான் ஆரமுடையது, 78 தட்டின் அகன்ற பள்ளத்துக்கோ அதைப்போல் நான்கு மடங்கு பருத்த முனை வேண்டும். எல்பி ஊசியை அதில் இறக்கினால் அது பள்ளத்தின் அடியில் தேய்ந்துகொண்டே போகும்; கிட்டப்பாவின் குரலைவிடச் சரளைச் சத்தமே கூடுதலாகக் கேட்கும்.